சீகிரியா அடிவாரத்திற் கேட்ட பனிப்பயணக் கதை

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, கல்லூரியின் பழம்பெருமைகளை எழுதுதற்கு என்னினும் தகுதியுடையார் பலர் உளர் என்று கூறி ஒதுங்கவே எண்ணினேன். ஆயினும், தோழர்கள் மலையேறிய நாளொன்றில் அவர்களுடன் ஏறாது அடிவாரத்தில் இருந்த மூன்று மணி நேரத்திற் கேட்டறிந்த செய்தியொன்று உள்ளத்தை விட்டு அகலாதிருத்தலின், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தேன். அச்செய்தி கனடா நாட்டின் பனிக்காலத்தைப் பற்றியது. அதனைக் கேட்ட இடமோ பனிக்கட்டியைக் கடையிலன்றிக் கண்டறியாத சீகிரியா. இவ்விரண்டையும் இணைத்தவர் எம் வகுப்புத் தோழர் ஒருவர்.

யூபிலி ஆண்டை முன்னிட்டு, எம் வகுப்பினர் பதினெழுவர் குடும்பங்களுடன் தை மாதத் தொடக்கத்தில் ஒரு பஸ் வண்டியிற் புறப்பட்டோம். மாத்தளையில் முத்துமாரியம்மனை வணங்கி, தம்புள்ளையில் உணவருந்தி, இனாமலுவைச் சந்தியிற் கிழக்கே திரும்பிப் பத்துக் கிலோமீற்றர் அளவு சென்றதும், சமவெளியின் நடுவே தனித்து எழுந்து நிற்கும் அப்பெருங்கல் தோன்றிற்று. தந்தை தாதுசேனனைக் கொன்று அரசுகட்டில் ஏறிய காசியப்பன், உடன்பிறந்தான் மொகல்லானனுக்கு அஞ்சி, இக்கல்லின் உச்சியில் அரண்மனை அமைத்துக் கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட வரலாறு பள்ளிச் சிறுவரும் அறிந்ததே. சுற்றியுள்ள நிலத்தினின்றும் ஏறக்குறைய 180 மீற்றர் உயரம். உச்சியை அடைவதற்கு 1,200 அளவிற் படிகள். 1982ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்ட இவ்விடத்தின் ஓவியங்களையும் கண்ணாடிச் சுவரையும் சிங்கப் பாதங்களையும் பற்றி ஏறிச் சென்றோர் எழுதுவார்களாக.

நான் ஏறாமைக்குக் காரணம் என் முழங்கால் மட்டுமன்று. எம்முடன் வந்த தோழர் சக்கர நாற்காலியில் இருப்பவர். போர்க்காலத்திற் குண்டுச்சிதறல் ஒன்று முதுகெலும்பிற் பாய்ந்தமையால், இடுப்பின்கீழ் உணர்வும் இயக்கமும் அற்றவர். வகுப்பிற் கணிதத்தில் எங்கள் அனைவரையும் முந்தியவர். இன்றும் கணக்கில்லாமல் அவருக்குப் பேச்சில்லை. நீர்ப்பூங்காவின் நடுப்பாதையில் நான் அவருடைய நாற்காலியைப் பின்னின்று தள்ளத் தொடங்கியதும், கையை உயர்த்தி நிறுத்தினார். “கேட்டபின் தள்ளும். நான் வண்டிச் சாமானல்லன்” என்றார். ஐம்பது ஆண்டு நட்பில் அன்றுதான் அதனைக் கற்றேன்.

கல்லை அண்ணாந்து பார்த்திருந்தவர் சிறிது நேரத்தில் ஒரு கணக்கைக் கூறினார். சக்கர நாற்காலி தானாக ஏறத்தக்க சாய்தளத்திற்கு உலகெங்கும் கைக்கொள்ளப்படும் அளவு, ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம். அவ்வாறாயின் 180 மீற்றர் உயர்வதற்கு 2,160 மீற்றர் நீளமான சாய்வுப் பாதை வேண்டும். இடையிடையே இளைப்பாறும் தளங்களைச் சேர்த்தால் அதனினும் மிகும். “இரண்டே கால் கிலோமீற்றர் தான். கல்லைச் சுற்றி வளைத்தால் முடியும்; ஆனால் காசியப்பன் ஒப்பமாட்டான்” என்று சிரித்தார். பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன், எவரும் எளிதில் ஏறிவரலாகாது என்பதற்காகவே கட்டப்பட்ட கோட்டையிடம், ஏற வழியில்லையே என்று முறையிடுதல் பொருந்தாது என்பது அவர் கருத்து. முறையீடு வேறிடத்திற் செய்யவேண்டியது என்றார். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

அவ்வேளையில் ஓர் அழகிய நிகழ்ச்சி. முந்திய நாட்களிற் பெய்த மழையினால், நீர்ப்பூங்காவின் பழைய ஊற்றுக்கள் குமிழியிட்டுப் பொங்கின. துளையிட்ட வட்டக் கற்பலகைகளின் வழியே, உயரத்திலுள்ள நீர்நிலையின் அழுத்தம் ஒன்றினாலேயே நீர் எழுகின்றது, பொறியுமில்லை, மின்சாரமுமில்லை. மழைக்காலத்தில் மட்டுமே இக்காட்சி கிட்டும். மேலே ஏறிச் சென்ற எம்மவர் விரைந்து சென்றமையால் ஒருவரும் அதனைக் காணவில்லை. கண்ணாடிச் சுவரிற் பழங்காலத்தார் கீறிச் சென்ற பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவையெல்லாம் ஏறிச்சென்றோர் பாடியவை. அடிவாரத்தில் இருந்தோரின் பாட்டு ஏதும் எழுதப்படவில்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

நிற்க. ஊற்றின் அருகே நிழலில் அமர்ந்தபின், தோழர் தம் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு காட்சியைக் காட்டினார். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் அவர் தமக்கை மகன் அனுப்பியது. கண்ணுக்கெட்டியவரை வெண்பனி; அதில் வரிசையாக உறுமி ஓடும் வண்டிகள்; தலைக்கவசமும் தடித்த அங்கியும் அணிந்தோர் அவற்றின்மேல். ஸ்னோமொபைல் எனப்படும் பனியுந்துகள் அவை. மருமகனும் அவற்றுள் ஒன்றில் இருந்தான். வேடிக்கைக்காக ஓடவில்லை, உடலியக்கக் குறைபாடுடைய சிறுவர்களின் கோடை முகாமுக்குப் பணம் திரட்டும் அறப்பயணம் அது என்றார். அதன் நடைமுறை எம்மவர்க்குப் புதிதாகலின் சற்று விரித்துரைப்பேன்.

பயணத்திற் சேர விரும்புவோர் ஒவ்வொருவரும் ஒரு வாக்குறுதித் தாளைப் பெற்றுக்கொள்வர். அதனை எடுத்துக்கொண்டு உறவினர், அயலார், உடன் தொழில்புரிவோர் ஆகியோரிடம் செல்வர். “நான் குறித்த நாளில் இத்துணைக் கிலோமீற்றர் பனியில் ஓடுவேன், அதற்காக நீர் என்ன தருவீர்?” என்று கேட்பர். சிலர் கிலோமீற்றருக்கு இவ்வளவென்றும், சிலர் ஒட்டுமொத்தமாக இவ்வளவென்றும் எழுதி ஒப்பமிடுவர். ஓடி முடித்தபின் பணம் சேர்க்கப்பட்டுச் சங்கத்திடம் ஒப்படைக்கப்படும். கொடுத்தோர்க்கு வருமான வரிச் சலுகைக்குரிய பற்றுச்சீட்டு வழங்கப்படும். வண்டியும் எரிபொருளும் ஓடுவோரது. பாதையைச் செப்பனிடுவோர் அவ்வவ்வூர்ப் பனியுந்துக் கழகத்தார். இடைவழியிற் சூடான சூப்பு வழங்குவோர் ஊர்மக்கள். ஆதலின் செலவு குறைந்து, வாக்களித்த பணத்தின் பெரும்பகுதி முகாமுக்குச் சென்றடைகின்றது. ஏரியின் உறைபனி போதிய தடிப்பில்லையெனில் பாதையை மாற்றுவர். பனியே விழாத ஆண்டுகளில் நாளையும் ஒத்திவைக்க நேரும்.

ஒன்ராறியோவில் இத்தகைய பயணத்திற்கு ‘ஸ்னோவராமா’ என்று பெயர். 1970களில் எழுந்த இவ்வழக்கத்தோடு நெருங்கிய தொடர்புடைய பெயர் விப்பர் பில்லி வாட்சன் என்னும் மல்லருடையது. மல்லரங்கில் உலகப் பட்டம் பெற்ற அவர், 1971ஆம் ஆண்டில் மோட்டார் வண்டியொன்று மோதிக் காலிற் பெருங்காயமுற்றுத் தொழிலைக் கைவிட நேர்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் இச்சிறுவர்களுக்காகப் பணம் திரட்டுவதையே தம் பெரும்பணியாகக் கொண்டார். பணம் சென்றடைந்த இடம் ஈஸ்டர் சீல்ஸ் என்னும் சங்கம். அதன் மூலக்கதை அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தது. எலிரியா என்னும் ஊரில், 1907ஆம் ஆண்டு, எட்கர் அலன் என்பவரின் மகன் தெருத் தொடர்வண்டி விபத்தில் மாண்டான். அருகில் நல்ல வைத்தியசாலை இல்லாமையே மரணத்திற்குக் காரணமென்று கண்ட தந்தை, தம் தொழிலை விற்று வைத்தியசாலை அமைக்கப் பாடுபட்டார். அங்கே உடற்குறையுள்ள சிறுவர் மறைவாக வளர்க்கப்படுதலைக் கண்டு, 1919இல் அவர்களுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். ஒன்ராறியோவில் றோட்டறிக் கழகத்தினர் அத்தகைய சங்கத்தை 1922இல் அமைத்தனர்.

மகனை இழந்த இன்னொரு தந்தையையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். ஏனெனில் பனியுந்து என்னும் அவ்வண்டியே அத்தகைய துயரத்தின் வழி வந்தது. கியூபெக் மாகாணத்தின் வல்கோர் என்னும் ஊரில் யோசப் ஆர்மன் பொம்பார்டியே என்னும் இளம் பொறிவினைஞர் ஒருவர் இருந்தார். 1934ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றுள் அழற்சி கண்டது. பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வழியின்றிக் குழந்தை இறந்தது. முன்னரே பனியில் ஓடும் வண்டியை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், பல்லுருளையும் றப்பர்ப் பட்டியும் கொண்ட ஓட்ட அமைப்பிற்கு 1937இல் உரிமைப் பத்திரம் பெற்றார். அவர் முதலிற் செய்தவை எழுவரும் பன்னிருவரும் ஏறத்தக்க பெரிய வண்டிகள். நோயாளரையும் பள்ளிச் சிறுவரையும் கடிதங்களையும் அவை பனியூடு கொண்டு சென்றன. ஓரிருவர் ஏறியோட்டும் சிறுவண்டி 1959இலேதான் ‘ஸ்கீடூ’ என்னும் பெயரில் வெளிவந்தது. முன்னே இரு சறுக்குக் கட்டைகள் திசை திருப்புவன. பின்னே சுழலும் றப்பர்ப் பட்டி வண்டியை உந்துவது.

தோழர் இவ்வண்டியின் அமைப்பைப் பற்றிக் கூறியது ஒன்று என்னைச் சிந்திக்க வைத்தது. “இதில் மிதிகட்டை ஒன்றும் இல்லை, பார்த்தீரா? வேகம் பெருவிரலில்; தடை மறுகையில். காலுக்கு வேலையே இல்லை. இருக்கையில் முதுகைத் தாங்க ஏதேனும் பொருத்தினால், நானும் ஓட்டலாம்.” வண்டியைச் செய்தவர் இதனை எண்ணிச் செய்யவில்லை. ஆயினும், நடக்க இயலாதவனும் நடக்க வல்லவனும் ஒரே நிலையில் நிற்கும் இடமாக அது அமைந்துவிட்டது. கால் செய்யும் வேலையைக் கைக்கு மாற்றிவிட்டால் தடையிற் பாதி ஒழியும் என்பதனை அவர் தமது மூன்று சக்கரக் கைவண்டியில் நாள்தோறும் காண்கின்றார்.

இனி முகாமைப் பற்றி. ஒன்ராறியோவில் இவ்வாறு திரட்டிய பணத்தின் உதவியால் நடந்த முகாம்களுள் ஒன்று பிக் றிடோ ஏரிக்கரையில் உள்ள மெறிவுட். கோடை விடுமுறையிற் சிறுவர் சில நாட்கள் பெற்றோரைப் பிரிந்து தங்குவர். நீந்துவர், தோணி வலிப்பர், தீயைச் சுற்றியிருந்து பாடுவர். எந்தச் சிறுவனும் செய்வதையே செய்வர். வேறுபாடு ஏற்பாட்டில் உள்ளது. தோணியில் இடுப்பைத் தாங்கும் இருக்கை. நீரில் இறக்கும் பொறி. நாற்காலி தடையின்றிச் செல்லும் பாதை. இரவிற் படுக்கையிற் புரட்டிவிடவும் மருந்து கொடுக்கவும் பழகிய துணைவர். ஒரு சிறுவனுக்கு ஏறக்குறைய ஒரு துணைவர் வேண்டியிருத்தலின் செலவு மிகுதி. அச்செலவைக் குடும்பம் தாங்காது. ஆகவேதான் பனியில் ஓடிக் கோடைக்குப் பணம் சேர்க்கின்றனர். முகாமினால் இருவர்க்கு ஆறுதல்: தன்னைப் போன்றோர் பலரைக் கண்டு, வேடிக்கைப் பொருளாக இல்லாமல் வாழும் சிறுவனுக்கு ஒன்று; ஆண்டு முழுவதும் கண்ணயராது பேணும் தாய்க்கு ஒன்று. இரண்டாவதை நம் நாட்டில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வளவும் கேட்டு நான் புகழத் தொடங்கவும், தோழர் தடுத்தார். “நல்லது எல்லாம் நல்லதன்று” என்றார். முற்காலத்தில் ஒன்ராறியோச் சங்கத்தார் ஆண்டுதோறும் ஒரு சிறுவனைத் தெரிந்தெடுத்து, அவன் சொந்தப் பெயர் யாதாயினும் ‘ரிம்மி’ என்னும் பொதுப்பெயர் சூட்டி, சுவரொட்டிகளில் அவன் படத்தைப் போட்டுப் பணம் கேட்டனர். “அவனுக்குத் தாய் தந்தையர் வைத்த பெயர் இல்லையா? ஊன்றுகோலைக் காட்டினாற் பணம் வரும். ஆனால் அப்படத்தைப் பார்த்தவன் நாளை அவனுக்கு வேலை கொடுப்பானா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் நடிகர் ஜெரி லூயிஸ் தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் நடத்திய நிதி சேகரிப்பை எதிர்த்து 1990களில் மறியல் செய்தவர்களுட் சிலர், சிறுவயதில் அதே நிதிக்காகச் சுவரொட்டியில் நின்றவர்கள். இரக்கத்தை ஈட்டும் முறை மானத்தை விற்கும் முறையாகலாகாது என்பதே அவர்கள் வழக்கு.

இதற்கு மாற்றாக அவர் காட்டும் உதாரணம் றிக் ஹான்சன். பதினைந்து வயதில் விபத்தில் முதுகெலும்பு முறிந்த அக்கனடியர், 1985 மார்ச்சு மாதம் வன்கூவரிலிருந்து தம் சக்கர நாற்காலியிலேயே புறப்பட்டு, 34 நாடுகளில் 40,000 கிலோமீற்றருக்கு மேல் உருட்டிச் சென்று, 1987 மே மாதம் ஊர் மீண்டார். திரண்ட தொகை 2 கோடி 60 இலட்சம் டொலர். அவருக்கு முன், புற்றுநோயால் ஒரு காலை இழந்த ரெறி பொக்ஸ், 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடி, நோய் மீண்டும் பற்றியதால் நின்றார். அடுத்த ஆண்டு மறைந்தார். இவர்களுக்காக எவரும் ஓடவில்லை, இவர்களே ஓடினார்கள்.

உடலை வருத்தி ஒரு தூரத்தைக் கடப்பது நமக்குப் புதிய நெறியன்று. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை போவார் இன்றும் உளர். நாடோறும் உலைக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே இட்டுவைத்துக் கோயிலுக்கும் பள்ளிக்கும் கொடுத்த பிடியரிசி வழக்கத்தை நம் அன்னையர் நன்கறிவர். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்னும் வாக்குறுதித் தாள் அப்பிடியரிசியின் உடன்பிறப்பே. அண்மைக் காலத்திலும், 2011 யூலை மாதத்தில், தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்குப் பெருநிதி திரட்டினர். ‘ட்ரெயில்’ என்பது அந்நடைபயணத்தின் பெயர். தெற்கிலிருந்து வடக்கிற்கு நடந்து வடக்கிற்கு மருத்துவமனை. பின்னர் 2016இல் வடக்கிலிருந்து தெற்கிற்கு நடந்து காலிப் பகுதிக் கராப்பிட்டியில் மருத்துவமனைக்கு நிதி. போர் முடிந்து ஈராண்டே ஆன அக்காலத்தில், முதற் பயணம் பலர் உள்ளத்தைத் தொட்டது.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்நாட்டில் ஒன்றுமே செய்யப்படவில்லை என்று கூறுதல் தவறு. கைதடியில் நவீல்ட் பாடசாலை செவிப்புலனும் கட்புலனும் இழந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகக் கல்வியூட்டி வருகின்றது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் அமைத்துக் கொடுத்தது. 1968ஆம் ஆண்டளவில் ஜெய்ப்பூரில், ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் சேத்தியும் உருவாக்கிய அக்கால், வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் சம்மணமிட்டு அமரவும் உதவுவதாகலின், மேல்நாட்டுக் காலினும் நமக்கு ஏற்றது. முதுகெலும்பு பாதிக்கப்பட்டோர் தாமே கூடி நடத்தும் ‘உயிரிழை’ மாங்குளத்தில் எழுந்தது. ஆயினும், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 8.7 பேர், அஃதாவது பதினாறு இலட்சத்திற்கு மேற்பட்டோர், ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் வாழ்கின்றனர் என்னும்பொழுது, செய்யப்பட்டது எத்துணைச் சிறிது என்பது விளங்கும்.

முறையீட்டைப் பின்னர்க் கூறுவேன் என்றேன். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இவர்களுடைய உரிமைகளைப் பாதுகாப்பது. பொதுக் கட்டடங்களிற் சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் வேண்டுமென்னும் விதிகள் 2006இல் வெளிவந்தன. மரம் முறிந்து மோட்டார் வண்டிமேல் வீழ்ந்ததாற் சக்கர நாற்காலியை அடைந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடியதன் பயனாக, அவ்விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும் என்னும் கட்டளை 2011 ஏப்பிரலிற் பிறந்தது. ஐக்கிய நாடுகள் அவையின் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் உறுதிப்படுத்தியது. “காசியப்பனுக்குச் சட்டம் இல்லை. அவனுக்குப் பின் கட்டியவர்களுக்கு உண்டு” என்றார் தோழர். அன்று காலை நாங்கள் இறங்கிய உணவுச்சாலை ஒன்றில் மூன்று படிகள் இருந்தன. நால்வர் அவரை நாற்காலியோடு தூக்கினோம். கழிப்பறைக் கதவோ நாற்காலியினும் நான்கு விரற்கடை ஒடுங்கியது. மாலைவரை அவர் தண்ணீர் அருந்தாதிருந்ததன் காரணத்தை அப்பொழுதுதான் உணர்ந்தேன். பெயர்கள் மாறிவிட்டன, நாம் படித்த காலத்தில் அங்கவீனர் என்றோம், பின்னர் ஊனமுற்றோர் என்றோம், இன்று மாற்றுத்திறனாளிகள் என்கின்றோம். கதவின் அகலம் மாறவில்லை.

மலையேறியவர்கள் வியர்த்து இளைத்து இறங்கி வந்தனர். ஊற்றருகே அமர்ந்து, யூபிலி நிதியில் ஒரு பகுதியை இவ்வகையிற் செலவிடலாமா என்று பேசினோம். ஒருவர் பஸ் வண்டிகளைச் சோடித்து ஊர்வலம் போகலாம் என்றார். மற்றொருவர் தோழரை முன்வண்டியில் அமர்த்திக் கொடியசைக்கச் செய்யலாம் என்றார். “கொடியசைக்க வரமாட்டேன். ஓட வருவேன்” என்று அவர் மறுத்துவிட்டார். அவர் எண்ணம் வேறு. இனாமலுவைச் சந்தியிலிருந்து சீகிரியா வரையுள்ள பாதை பெரும்பாலும் மட்டமானது. கைவண்டியிற் செல்வோர் அதில் ஓடவேண்டும், துவிச்சக்கர வண்டியுடையோர் உடன் ஓடலாம், நடப்போர் நடக்கலாம். சேரும் பணத்தில், வடபகுதிச் சிறப்புப் பள்ளிகளின் பிள்ளைகள் இருபதின்மரை மூன்று நாள் இங்கே அழைத்து வந்து, குளக்கரையோரம் முகாமிட்டு, மழைக்காலத்தில் இவ்வூற்றுக்களைக் காட்டவேண்டும். பிள்ளைகளின் படத்தைத் துண்டுப் பிரசுரத்திற் போடலாகாது. கணக்கு முழுவதையும் சாய்தளம் பொருத்திய வண்டியின் வாடகை, அகன்ற கதவுடைய கழிப்பறை, துணைவர் படி என்று பிரித்து எழுதி வெளியிடவேண்டும். பணம் எஞ்சினால், அன்று காலை நாங்கள் இறங்கிய உணவுச்சாலை உரிமையாளர் ஒப்பினால், அந்த மூன்று படிகளுக்கு மரத்தாற் சாய்தளம் செய்துகொடுக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். படி ஒவ்வொன்றும் அரையடி உயரம்; பதினெட்டடி நீளப் பலகை போதும் என்று அதற்கும் கணக்கு வைத்திருந்தார்.

எல்லோரும் உடன்பட்டோம் என்று எழுதுதற்கு விருப்பமுண்டு. ஆனால் அவ்வாறு நிகழவில்லை. கல்லூரி விளையாட்டு மைதானத்திற்கு மதில் கட்டுதலே முதற்கடன் என்போர் எம்முட் சிலர் உளர். அவர்கள் கூற்றிலும் நியாயமில்லாமலில்லை. சங்கப் பொதுக்கூட்டத்தில் இப்பொருள் எடுத்துக்கொள்ளப்படும்.

சென்ற கிழமை தோழர் தொலைபேசியில் அழைத்தார். வாக்குறுதித் தாளொன்றைத் தாமே எழுதிவிட்டதாகவும், கூட்ட முடிவு எதுவாயினும் தாம் அப்பாதையில் ஓடப்போவதாகவும் கூறினார். “பத்துக் கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு என்ன தருவீர்?” என்று கேட்டார். ஒரு தொகையைச் சொன்னேன். கணக்கில் நான் என்றும் பின்தங்கியவன் என்று கூறி, அதனை இருமடங்காக எழுதிக்கொண்டார்.